காலடிச் சத்தத்தில் பிறந்த கள்வன்

என் வேலை பிறருக்காக நடப்பது. திரையில் ஒருவர் மாடிப்படி ஏறினால், இருட்டறையில் மைக் முன்னால் நின்று அவருக்காக நான் ஏறுவேன். படப்பிடிப்பில் மைக் வைப்பது பெரும்பாலும் வசனத்தைப் பிடிக்கத்தான். அங்கே விழும் காலடிச் சத்தம் சரியாக உதவாது. அதனால் ஒவ்வொரு அடியையும் பிறகு யாராவது மிதித்துத் தர வேண்டும். ஃபோலி என்று இதற்குப் பெயர். ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் செருப்பும் ஷூவும் வைத்திருக்கிறேன். தரையில் வரிசையாக மரச்சட்டங்கள். ஒன்றில் சரளைக்கல், ஒன்றில் மணல், ஒன்றில் பலகை, ஒன்றில் ஓடு. பனியில் நடக்கச் சொன்னால் தோல்பையில் சோளமாவைப் போட்டு அமுக்குவேன்.

11 வருஷமாக இதைச் செய்கிறவள் ஒரு வீடியோ கேமின் நாயகனைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்கும் காரணம் காலடிதான். அவன் பெயர் காரெட். 1998ஆம் ஆண்டின் கடைசியில் வெளியான ‘தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்’ கேமின் திருடன்.

அதை நான் விளையாடியது மிகவும் தாமதமாக. எடிட்டிங் செய்கிற நண்பன் ஒருவன் ஒருநாள் வேலை முடிந்த பிறகு தன் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான். “படத்தைப் பார்க்காதே, பழசு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேள்” என்றான். பார்த்தால் முகமெல்லாம் கோணல்மாணலாக, கைவிரல்கள் கட்டையால் செய்தது போல இருந்தன. சரி என்று ஹெட்போனை மாட்டினேன். ஒரு மாளிகையின் உள்ளே, ஒரு தாழ்வாரத்தின் இருண்ட மூலையில் நான் நிற்கிறேன். இடப்பக்கம் எங்கோ ‘டக்… டக்… டக்…’ ஒரு காவலாளி ஓட்டுத்தரையில் வருகிறான். சத்தம் நெருங்குகிறது. திடீரென்று ‘மொத்… மொத்…’ கம்பளத்துக்கு மாறிவிட்டான். அப்படியென்றால் இந்தத் தாழ்வாரத்துக்குள் வந்துவிட்டான், ஏனென்றால் இங்கேதான் கம்பளம் விரித்திருக்கிறது. அவனை நான் இன்னும் பார்க்கவே இல்லை. என் மூச்சை நான் பிடித்துக்கொண்டிருந்தது அவன் தாண்டிப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. விடிகிற வரை அங்கேயே உட்கார்ந்து விளையாடினேன்.

இந்த ஆளை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று அதன்பின் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம். 1996இல் அவர்கள் ஆரம்பித்தபோது கையில் இருந்தது திருடன் கதையே இல்லை. வாள்சண்டை கேம் ஒன்று செய்யலாம் என்றுதான் உட்கார்ந்தார்கள். அப்போது எழுந்த யோசனைகளில் ஒன்று, பனிப்போர்க் காலத்தில் கம்யூனிஸ்ட் ஜாம்பிகளை வாளால் வெட்டும் கதை. உண்மையாகவே இப்படி ஒரு திட்டம் இருந்தது.

அடுத்து வந்தது ‘டார்க் கேமலாட்’. பழைய பிரிட்டிஷ் கதைகளில் நல்லரசனாக வரும் ஆர்தர் ராஜாவின் கதையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். அதில் ஆர்தர் கொடுங்கோலன். வழக்கமாகத் துரோகியாக வரும் மோர்ட்ரெட், யாரும் புரிந்துகொள்ளாத நாயகன். கென் லெவின் அந்தக் கதையை வளர்த்தவர்களில் ஒருவர். பிற்பாடு ‘பயோஷாக்’ என்ற கேமைச் செய்தாரே, அவரேதான். மோர்ட்ரெட் கேமலாட் கோட்டைக்குள் புகுந்து புனிதக் கிண்ணத்தைக் களவாட வேண்டும். எழுதிப் பார்க்கையில் அணிக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. போர்க்களக் காட்சிகளைவிடக் கோட்டைக்குள் நுழைவது, ஒளிவது, எடுத்துக்கொண்டு வெளியேறுவது ஆகிய பகுதிகள்தான் தெளிவாக உருவாகியிருந்தன. நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் நியூராத், அதையே முழு கேமாக்கலாம் என்றார். ஆர்தர் போனார், மோர்ட்ரெட் போனான், கிண்ணம் போனது. திருடுகிற வேலை மட்டும் மிஞ்சியது. அந்த மிச்சத்துக்குத்தான் காரெட் என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஒரு பெரிய வீரகாவியத்திலிருந்து வீரத்தையும் காவியத்தையும் உருவி எடுத்த பிறகு நின்றவன் அவன். அதற்குள் நிறுவனத்துக்குப் பணக் கஷ்டம், ஆட்கள் வெளியேறினார்கள். லெவினும் 1997இல் போய்ப் புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கினார். கேம் விளையாடத் தகுந்ததாக ஒன்றுகூடியது வெளியீட்டுக்கு முந்தைய சில மாதங்களில்தான்.

அப்புறம் எனக்கு இன்னொரு தகவல் கிடைத்தது. படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். இந்த கேமின் திட்ட இயக்குநர் கிரெக் லோபிக்கோலோ, பாஸ்டனில் டிரைப் என்ற ராக் இசைக்குழுவில் பாஸ் கிட்டார் வாசித்தவர். ‘சிஸ்டம் ஷாக்’ கேமுக்கு இசையமைத்தவர்களில் ஒருவரும் அவரே. ‘தீஃப்’ கேமின் ஒலியமைப்பைச் செய்த எரிக் புரோசியஸ் அதே குழுவின் கிட்டார் கலைஞர். கதையில் விக்டோரியா என்ற முக்கியமான பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த டெரி புரோசியஸ் அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். ஒரு பேண்டே சேர்ந்து உட்கார்ந்து திருடன் ஒருவனைச் செய்திருக்கிறது! காதுள்ளவர்கள் செய்த நாயகன் என்று அந்த முதல் இரவில் எனக்குத் தோன்றியது சரிதான்.

அந்தக் காலத்து நிலவரத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதே 1998இல் ஒளிந்து விளையாடும் கேம்கள் இன்னும் இரண்டு வந்தன. ‘மெட்டல் கியர் சாலிட்’, ‘டென்சூ’. இரண்டிலும் நாயகனை வெளியே நின்று பார்க்கிறோம். அவன் முதுகு தெரியும், உடை தெரியும், சுவரோடு ஒட்டி நிற்கும் அழகு தெரியும். காரெட்டை அப்படிப் பார்க்க முடியாது. அவன் கண் வழியாகத்தான் எல்லாம். கதைக் காட்சிகளில்கூட முக்காடு போட்ட நிழலுருவமாகத்தான் பெரும்பாலும் வருவான். அதே கோணத்தில் அதற்கு முன் வந்த ‘டூம்’, ‘க்வேக்’ போன்றவற்றில் நாயகன் என்பவன் திரையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துப்பாக்கிதான். இங்கே துப்பாக்கியும் இல்லை. முகம் இல்லாத, முதுகும் இல்லாத ஒருவனுக்கு எதைக் கொண்டு உருவம் கொடுப்பது? குரலும் காலடியும்தான் மிச்சம்.

குரல் ஸ்டீபன் ரஸ்ஸலுடையது. அவசரமே இல்லாத குரல். பணம், வாடகை, ஏமாந்த பிரபு, எல்லாவற்றையும் ஒரே தொனியில் சொல்லும். கத்தவே மாட்டான். டப்பிங் கூடத்தில் நடிகர்கள் ரகசியம் பேசும்போது தொண்டையை இறுக்கிக் காற்றாகப் பேசுவார்கள், கேட்டால் செயற்கையாக இருக்கும். ரஸ்ஸல் அப்படிச் செய்யவில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுகிற அளவில் முழுக் குரலில் பேசுகிறார். அதனாலேயே அது நம் தலைக்குள் கேட்பது போல இருக்கிறது. 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் கராஸ் என்ற வில்லன், குழறிக் குழறிப் பேசுகிற மதவெறியன். அவனுக்கும் குரல் இதே ரஸ்ஸல்தான். எனக்கு அதை வேறொருவர் சொல்ல வேண்டியிருந்தது. தொழிலில் இருந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது காலடிக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தப் பதிவே.

காரெட் எதன்மேல் நடக்கிறான், எவ்வளவு வேகமாக நடக்கிறான், இரண்டையும் கேம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. புல்லில் ‘சரக் சரக்’, கம்பளத்தில் ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது, கல்லில் நடுத்தரம், ஓட்டில் ‘டக்’, இரும்புத் தகட்டில் ‘கணங் கணங்’. அந்த இரும்புச் சத்தத்தை முதலில் கேட்டபோது எனக்கு உறுத்தியது. என்னிடம் இந்தக் காட்சி வந்திருந்தால் பாதியாகக் குறைத்திருப்பேன். நிஜத்தில் எந்த ஆளும் அவ்வளவு சத்தமாக நடப்பதில்லை. ஒரு வாரம் விளையாடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அது பயந்தவன் காதில் விழுகிற அளவு. நள்ளிரவில் தூங்குகிறவர்களைத் தாண்டிப் போகிறவனுக்குத் தன் மூட்டு சொடுக்குவதே இடி மாதிரிக் கேட்கும் அல்லவா? நடக்கிறவனின் நெஞ்சுக்குள்ளே மைக்கை வைத்துச் சத்தத்தைப் பதிவு செய்தது போலிருக்கிறது. எந்தப் பயிற்சியிலும் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை.

இதன் அடியில் இருக்கிற ஏற்பாடு இன்னும் அருமை. மாளிகை முழுவதையும் அறை அறையாகப் பிரித்து, எந்த அறை எந்த வாசலால் எதனோடு சேர்கிறது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு நேராக வராது. வாசல் வாசலாகச் சுற்றித்தான் வரும். பக்கத்து அறையில் காவலாளி இருமினால், சுவர்ப்பக்கமிருந்து கேட்காமல் கதவுப்பக்கமிருந்து கேட்கும். கதவைச் சாத்தினால் மங்கிவிடும். நான் ஒவ்வொரு காட்சிக்கும் கையால் எதிரொலி சேர்த்து, கூர்மையான ஒலிகளைக் குறைத்து, மணிக்கணக்கில் செய்கிற வேலையை 1998ஆம் ஆண்டின் கம்ப்யூட்டர் உடனுக்குடன் செய்திருக்கிறது.

காவலாளிகளின் காதும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. என்னிடம் வருகிற சத்தம் எந்த வழியில் வருகிறதோ, நான் எழுப்புகிற சத்தமும் அதே மாதிரி வழியில்தான் அவர்களிடம் போகிறது. ஒருவன் எனக்குத் தெளிவாகக் கேட்கிறான் என்றால் நானும் அவனுக்குக் கேட்கக்கூடும். ஒட்டுக்கேட்கிற சுகமும் பிடிபடுகிற பயமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். இது புரிந்ததும் நான் விளையாடும் விதமே மாறிவிட்டது. நாலு அடி வைப்பேன், நிற்பேன், கேட்பேன். மறுபடி நாலு அடி.

அவர்கள் மனசில் என்ன ஓடுகிறது என்பதும் காதுக்குத்தான் வரும். சந்தேகம் படிப்படியாக ஏறுகிறது. முதலில் ‘என்ன சத்தம் அது?’ என்று முனகுவான். இன்னும் கொஞ்சம் கேட்டால் வாளை உருவிக்கொண்டு தேட வருவான். எதுவும் கிடைக்காவிட்டால் எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிடுவான். இது சிரிப்புக்காக வைத்த வசனம் என்று பலர் நினைக்கிறார்கள். இருட்டு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒடுங்கி நிற்பவனுக்கு, தப்பித்தோமா இல்லையா என்று வேறெப்படித் தெரியும்? அந்த முனகல்தான் சைகை. முதல் மிஷனிலேயே, அதாவது கேமின் முதல் கட்டத்திலேயே, இரண்டு காவலாளிகள் நின்று கரடிச் சண்டையைப் பற்றி வம்பளப்பார்கள், பழைய காலத்துக் கரடிகள் மாதிரி இப்போது இல்லை என்று ஒருவன் அலுத்துக்கொள்வான். அவர்கள் பேசி முடிக்கிற வரை இருட்டில் நின்று கேட்டேன். காரெட்டும் அப்படித்தான் நின்றிருப்பான் என்று தோன்றியது.

வெளிச்சத்துக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. திரையின் அடியில் ஒரு சின்ன மணிக்கல். இருட்டில் நின்றால் கருத்துப்போகும், விளக்கின் கீழ் நின்றால் ஒளிரும். வாளை உருவினால் இன்னும் கொஞ்சம் பளிச்சிடும். இது அவ்வளவுதான், சொல்வதற்கு அதிகமில்லை. எல்லோரும் இதைத்தான் முதலில் பாராட்டுகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம்.

கன்னக்கோல் என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. சுவரில் துளைபோடத் திருடர்கள் வைத்திருந்த கோல். காரெட்டின் சாமான்களைப் பார்க்கும்போது அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும், எல்லாமே தொழிற்கருவி. நீர் அம்பு தீப்பந்தத்தை அணைக்கும். மரத்தில் தைக்கும் கயிறு அம்பில் தொங்கி மேலே ஏறலாம். பாசி அம்பை இரும்புத் தரையில் விட்டால் மெத்தென்று பாசி பரவி அந்த ‘கணங்’ அடங்கிவிடும். தரையின் சத்தத்தைக் குறைக்கவே ஒரு அம்பு! சண்டை என்று வந்தால் இரண்டு பேர் சேர்ந்தாலே காரெட் தாக்குப்பிடிப்பது கடினம். மிகக் கடினமான ‘எக்ஸ்பர்ட்’ நிலையில் மனிதரைக் கொன்றால் மிஷனே தோல்வி. அவனால் செய்ய முடியாத காரியங்களை அடுக்கிக்கொண்டே போனால், அந்தப் பட்டியலின் முடிவில் அவனுடைய குணம் தெரியும். பொறுமைசாலி, கவனமானவன், தேவைக்கு மேல் யாரையும் தொடாதவன். இதில் எதையும் கதை சொல்லவில்லை, விதிகள் செய்துவைத்தன.

கதை சொல்வது வேறொன்று. பசியில் திரியும் அனாதைச் சிறுவன் காரெட். கூட்டத்தில் ஒருவர் போகிறார், யாருமே அவரைக் கவனிப்பதில்லை. இவன் மட்டும் கவனித்து அவரிடம் கைவைக்கிறான். அவர் கீப்பர்கள் என்ற ரகசியக் குழுவைச் சேர்ந்தவர். தம்மைப் பார்க்க முடிந்த சிறுவனைப் பிடித்து, மறைந்து நடக்கும் கலையைச் சொல்லித் தருகிறார். கற்றுத் தேர்ந்ததும் அவர்களை உதறிவிட்டு அந்தக் கலையைத் திருட்டுக்குக் கொண்டுபோகிறான். நாயகனின் ஆரம்பமே ஒருவரைக் கவனித்ததில் இருக்கிறது என்பது எனக்கு நெருக்கமான விஷயம்.

கேமில் எனக்கு ஒட்டாத இடமும் உண்டு. சுரங்கத்திலும் கல்லறைக் குகைகளிலும் ஜாம்பிகளோடு மல்லுக்கட்டும் மிஷன்கள். அங்கே ஒட்டுக்கேட்க ஆளில்லை, வெறும் முனகல்தான். ஜாம்பியை வாளால் வெட்டும் அந்தப் பழைய திட்டத்தின் எலும்பு இங்கே கிடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் பாகத்தில் பூதங்களைக் குறைத்து, மாளிகை, வங்கி என்று மனிதர்கள் இருக்கிற இடங்களாகக் கூட்டினார்கள். நல்ல முடிவு. முதல் பாகத்தில் விக்டோரியா பிடுங்கியெடுத்த காரெட்டின் ஒரு கண்ணுக்குப் பதிலாக வைத்த இயந்திரக் கண், இரண்டாம் பாகத்தில் தூரத்தை அருகே இழுத்துக் காட்டும் கருவியாகவே வந்துவிட்டது. அவன் இழந்தது நமக்குக் கிடைக்கிற வசதியாகிறது. அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் காட்சி நினைவு வரும்.

லுக்கிங் கிளாஸ் 2000ஆம் ஆண்டு மே மாதம் மூடப்பட்டது. 2014இல் வேறொரு ஸ்டூடியோ காரெட்டைப் புதிதாகச் செய்தபோது குரல் ரஸ்ஸலுடையதாக இல்லை. உடலசைவும் குரலும் ஒரே நடிகரிடமிருந்து வர வேண்டும் என்று ரோமனோ ஒர்சாரியைப் போட்டார்கள். அவர் நன்றாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் கைகளும் உடையும் அத்தனை அழகாகத் தெரிகிற அந்த கேமில் நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு விளையாடினேன், ஒன்றும் குறையவில்லை. எனக்கு அது போதும், விட்டுவிட்டேன். ரஸ்ஸலின் குரலை 2016இல் வந்த ‘டிஸ்ஹானர்ட் 2’ கேமில் கோர்வோ என்ற நாயகனின் குரலாக மறுபடி கேட்டபோது, நெடுநாள் காணாத ஒருவர் போனில் பேசியது போலிருந்தது.

பழைய கேம் இன்றைய கம்ப்யூட்டரில் ஓடுவதற்கு இன்னொரு முகம்தெரியாத ஆள் காரணம். 2012இல் ‘லெ கார்போ’ என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் கேமை இயக்கும் முழு எஞ்சினையும் சீர்செய்து பிரெஞ்சு ரசிகர்களின் இணையதளம் ஒன்றில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெயருக்கு அண்டங்காக்கை என்று பொருள். காரெட்டுக்கு ஏற்ற உதவி.

போன மாதம் ஒரு காட்சி வந்தது. ஒரு சிறுவன் நடுராத்திரியில் தூங்குகிற அப்பாவைத் தாண்டி வெளியே போகிறான். இயக்குநர் காலடிச் சத்தமே வேண்டாம் என்றார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் நான்கு அடிகள் பதிவு செய்து வைத்தேன். மூன்று மடித்த போர்வைமேல். நான்காவது பலகைமேல், மற்ற மூன்றையும்விட நிறையவே சத்தமாக. வந்து கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டுவிட்டு அடுத்த ரீலுக்குப் போகலாம் என்றார், எதையும் எடுக்கச் சொல்லவில்லை.

அந்த நான்காவது அடி வெறுங்கால். பலகையின் ஓரத்தில் மிதித்தால் கிறீச்சிடாது, அதனால் நட்டநடுவில் மிதித்தேன்.